எட்டில் ஒரு பங்கு

மூவாயிரத்து இருநூற்று நாற்பது பவுண்ஸ். ஆலடித்துறைப் பள்ளிக்கூடத்துக்கு லண்டனில் இருந்து போய்ச் சேர வேண்டிய கடன் அது. கொடுக்க வேண்டியவர்கள் பெரிய கல்லூரிக்காரர்கள். கேட்க வேண்டியவள் சிவமலர், ஆலடித்துறைப் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர். அந்தக் காசு கிடந்த வங்கிக் கணக்குக்குப் பொருளாளரோ வேறு யாருமில்லை, அவளைக் கட்டின மனிசன் சிவானந்தன். கடன்காரனைத் தேடி ஊரெல்லாம் அலைகிறவர்கள் உண்டு. சிவமலருக்கு அந்த அலைச்சல் இல்லை. அவள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, அவள் விரித்த கட்டிலில்தான் கடன்காரன் படுத்தான். ஆனாலும் காசு வந்தபாடில்லை.

கடன் வந்த கதை இதுதான். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள் எட்டின் பழைய மாணவர்கள் லண்டனில் ஒன்றாகச் சேர்ந்து, கோடை தோறும் கிரிக்கெட் லீக் ஒன்று நடத்தி வந்தார்கள். நாலு பெரிய கல்லூரி, நாலு ஊர்ப் பள்ளிக்கூடம். செலவு போக மிஞ்சினதை எட்டாகப் பிரிப்பது என்று பேச்சு. தொடக்கத்தில் பிரிக்க என்ன இருந்தது? ரோல்ஸும் வடையும் விற்ற காசு பந்து வாங்கவே காணாது. பிறகு இணையச் சனல் ஒன்றை நடத்துகிறவர்கள் வந்து, ஆட்டத்தை நேரடியாகக் காட்டுகிறோம், காசு தருகிறோம் என்றார்கள். நகைக்கடைக்காரரும் வீடு விற்கிறவர்களும் விளம்பரத்துக்கு முண்டியடித்தார்கள். பசி கிடந்த மட்டும் எல்லாரும் ஒரு பந்தியில் இருந்தவர்கள்தான். சோறு வந்த பிறகுதான் யாருடைய இலை பெரிது என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

"சனம் வாறது எங்கடை மட்சைப் பாக்க. உவையள் எட்டிலை ஒரு பங்கு எண்டு வந்து நிக்கினம்" என்றார்கள் கல்லூரிக்காரர்கள். அந்த வசந்தத்தில் நாலு கல்லூரியும் பிரிந்துபோய் 'மகா லீக்' என்று புதிதாக ஒன்றைத் தொடங்கின. போகும்போது கிண்ணத்தைக் கொண்டுபோனார்கள், ஸ்கோர் பலகையைக் கொண்டுபோனார்கள். பழைய லீக்கின் தலைவரும் பொருளாளரும் அவர்கள் பக்கத்து ஆட்கள் என்பதால் வங்கிக் கணக்கும் கூடவே போய்விட்டது. முந்தின வருடத்துப் பங்கு ஊர்ப் பள்ளிக்கூடங்கள் நாலுக்கும் கொடுபடவில்லை.

மற்ற மூன்று சங்கமும் நாலு நாள் சத்தம் போட்டுவிட்டுக் களைத்துவிட்டன. சிவமலரால் களைக்க முடியாது. காரணம் ஊரில் இருந்தது. ஆலடித்துறைப் பெண்பிள்ளைகளின் வலைப்பந்து அணி வலயப் போட்டி வரைக்கும் போயிருந்தது. மணலில் பழகின பிள்ளைகள், அங்கே கொங்கிறீற் தரையில் கால் வைக்கத் தெரியாமல் தோற்றுவிட்டு வந்தார்கள். பங்குக் காசு எப்படியும் வரும் என்று நம்பி, சிவமலர் மேசன் தவராசாவிடம் தரை போடச் சொல்லிவிட்டாள். அவரும் நல்ல மனிசன், சொல்லை நம்பி வேலையைத் தொடங்கிவிட்டார். மணலை வெட்டி, மட்டம் பார்த்து, கம்பியும் கட்டியாயிற்று. கொங்கிறீற் ஊற்றத்தான் காசில்லை. இப்போது பிள்ளைகளுக்குக் கொங்கிறீற்றும் இல்லை, முன்பு இருந்த மணலும் இல்லை. ஆடு கால் வைத்து முறிக்கும் என்று அதிபர் அந்த இடத்தை அடைத்துவிட்டார்.

லண்டன் எட்மண்டனில் ஒரு லோண்டரியில் சிவமலருக்கு வேலை. ஹோட்டல் படுக்கை விரிப்புகள் சூட்டோடு சூடாக வந்து விழும், மடிக்க வேண்டும். விடியப் போனால் மதியம் திரும்பி வருவாள். தோள் இரண்டும் வலிக்கும். அந்த வலியோடு ஒருநாள் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் புருசனைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ. மேசன் திரும்பவும் போன் எடுத்தவர். கம்பி வெளியிலை கிடந்து துருப்பிடிச்சுச் சிவக்குதாம்."

"நான் என்ன செய்ய மலர்? கணக்கிலை இருந்து காசு எடுக்க ரெண்டு பேர் சம்மதிக்க வேணும். நான் ஓம், கஸ்பர் அண்ணை மாட்டன் எண்டுறார்."

"நீங்கள் ஓம் எண்டு எப்ப சொன்னனீங்கள்?"

சிவானந்தன் தேத்தண்ணியை ஊதினான். "மனசுக்குள்ளை சொன்னனான்."

"மனசுக்குள்ளை கொங்கிறீற் ஊத்தேலாதப்பா."

அவனுடைய நிலை மத்தளத்தின் நிலை. வித்தியாசாகராக் கல்லூரி என்றால் அவனுக்கு உயிர். அந்த அணிக்கு அவன்தான் முகாமையாளர். கல்லூரியை எதிர்த்துக் கதைத்தால் வெளியில் இடி, கதைக்காவிட்டால் வீட்டில் இடி.

கஸ்பர் வேறு ஆள். புனித லூக்காக் கல்லூரிக்காரர், முன்பு பழைய லீக்குக்கும் இப்போது மகா லீக்குக்கும் தலைவர். அப்டன் பார்க்கில் விமானச் சீட்டு விற்கிற கடை வைத்திருந்தார். பெரிய சிரிப்பு, பெரிய குரல். யாரையும் தோளில் தட்டிக் கதைப்பார். காசு விசயத்தில் மட்டும் அந்தக் கை சட்டைப் பைக்குள் போய்விடும்.

பிரிந்துபோனவர்கள் பிரிந்தாவது ஒற்றுமையாய் இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. டெனுசன் என்று ஒரு வேகப் பந்துவீச்சாளன். பதினோராம் வகுப்பு வரைக்கும் வித்தியாசாகராவில் படித்தவன், உயர்தரத்துக்கு லூக்காவுக்குப் போனவன். இரண்டு கல்லூரிக்காரரும் அவனை எங்கள் பெடியன் என்றார்கள். கூட்டத்தில் அடிபாடு வரும் என்ற கட்டத்தில் சிவானந்தன் எழும்பி ஒரு விதி சொன்னான். ஒரு வீரர் தான் முதன்முதலில் சேர்ந்த பள்ளிக்கூடத்துக்கே விளையாட வேண்டும், வேறு ஒன்றுக்கு விளையாடுவதானால் அந்த முதல் பள்ளிக்கூடத்துச் சங்கத்திடம் விடுப்புக் கடிதம் வாங்கி வர வேண்டும். நாலு கல்லூரியில் மூன்று கை தூக்கின. டெனுசன் வித்தியாசாகராவுக்கு வந்தான். சிவானந்தன் அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது சோடாவும் கேக்கும் வாங்கி வந்தான்.

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? வித்தியாசாகராவில் ஆறாம் வகுப்புக்குக் கீழே வகுப்பே கிடையாது. அங்கே படித்தவன் ஒவ்வொருவனும் முதலில் ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்து மர வாங்கில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்தவன்தான். ஐந்தாம் வகுப்புச் சோதனையில் பாசாகி, சப்பாத்துப் போட்டுக் கல்லூரிக்குப் போன பிறகு, அந்த ஐந்து வருடமும் மனதில் இருந்து அழிந்துபோகிறது. கூட்டத்தில் கை தூக்கின படித்த மனிதர் ஒருவருக்கும் அது நினைவு வரவில்லை. லூக்காவுக்கு மட்டும் சொந்தமாக ஆரம்பப் பிரிவு இருந்தது. டெனுசனை இழந்த வயிற்றெரிச்சலில் நாலு நாள் படுத்துக் கிடந்து யோசித்த கஸ்பருக்குத்தான் அது பிடிபட்டது.

வித்தியாசாகராவும் லூக்காவும் முதல் முதல் மோதின ஞாயிற்றுக்கிழமை. சிவமலர் புருசனுக்குப் புட்டுக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போயிருந்தாள். நாணயம் சுண்டப் போகிற நேரம் கஸ்பர் சிரித்துக்கொண்டே வித்தியாசாகராப் பெடியள் நின்ற இடத்துக்கு வந்தார்.

"தம்பி ஜெரோசன், சும்மா ஒரு கதைக்குக் கேக்கிறன். நீர் முதல் முதல் அரிவரி வகுப்பு எங்கை படிச்சனீர்?"

ஜெரோசன் தொடக்க ஆட்டக்காரன். கள்ளமில்லாத பிள்ளை. "ஆலடித்துறையிலை அண்ணை. மழை பெய்தால் வகுப்புக்குள்ளை தவளை வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். கஸ்பரும் நன்றாகச் சிரித்தார். "நீர் தம்பி?"

"நானும் ஆலடித்துறைதான்."

"நீர்?"

"நாங்கள் எல்லாம் ஒரே வாங்கு அண்ணை."

இப்படியே கேட்டுக்கொண்டு போனார். கடைசியில் நின்றவனுக்கு எங்கேயோ மணம் அடித்துவிட்டது. "நான் அரிவரியே படிக்கேல்லை. நேரை ரெண்டாம் வகுப்பு" என்றான்.

"எங்கை?"

அவன் காலைப் பார்த்தான். "ஆலடித்துறை."

பதினொரு பேரில் ஏழு பேர். மற்ற நாலு பேர் படித்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு லண்டனில் சங்கமே இல்லை, அவர்களிடம் கடிதம் கேட்க வழியில்லை. கஸ்பர் விதித் தாளை எடுத்து நடுவரின் கையில் கொடுத்தார். நடுவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். கடிதம் எங்கே இருக்கிறது? ஆட்டம் நின்றது. சிவானந்தனின் முகம் அவித்த கிழங்கு போலாகிவிட்டது.

ஆனால் கஸ்பரின் சந்தோசமும் அரை மணித்தியாலம்தான். சனல்காரன் கமராவை மடித்துக்கொண்டு வந்து அவரிடம் சொன்னான்: "அண்ணை, உங்கடை ரெண்டு கல்லூரியும் மோதுறதுக்குத்தான் நாங்கள் காசு தாறது. ஓகஸ்ற் விடுமுறைத் திங்கள் திரும்ப வைக்கிற மட்சிலும் இதே கூத்தெண்டால் ஒப்பந்தத்தைக் கிழிச்சுப்போட்டுப் போயிடுவம்." வித்தியாசாகராவிடம் மிச்சம் நாலு பேர். நாலு பேரோடு எந்த அணி இறங்கும்? ஏழு பேருக்கும் கடிதம் கொடுக்கக்கூடிய சங்கம் ஆலடித்துறை. அதில் கையெழுத்து வைக்க வேண்டியவள் புட்டுப் பார்சலோடு அவர்களுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்து சேரும் முன்பே வாசுதேவன் போன் எடுத்துவிட்டான். அவன் ஆலடித்துறைச் சங்கத்தின் தலைவர், வான் ஓட்டுகிறவன்.

"மலரக்கா, லொத்தர் விழுந்திட்டுது! ஒரு தலைக்கு ஐந்நூறு கேளுங்கோ. உலகமெல்லாம் ஆட்டக்காரரை உப்பிடித்தான் விக்கிறாங்கள்."

"பெடியளை விக்கிறதோ?"

"விக்கிறது எண்டு ஏன் சொல்லுறியள்? விடுப்புக் கட்டணம்."

சிவமலர் பார்ப்போம் என்றாள். அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஏழு ஐந்நூறு மூவாயிரத்து ஐந்நூறு, கொங்கிறீற்றுக்கும் காணும், இரண்டு வலைக் கம்பத்துக்கும் காணும்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் கஸ்பர் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். சிவானந்தன் கதிரையைத் தூசு தட்டிப் போட்டான்.

"தங்கச்சி, நடந்தது நடந்து போச்சு. வாசுதேவன் எனக்கும் போன் எடுத்தவன். தலைக்கு ஐந்நூறு, சரி, தாறன். இப்பவே தாறன்." அவர் சட்டைப் பையில் இருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். "இதிலை ஒரு சின்னக் கையெழுத்து. பழைய லீக்கிலை ஒருத்தருக்கும் ஒரு பாக்கியும் இல்லை எண்டு. அவ்வளவுதான்."

சிவமலர் தாளைத் தொடாமலே பார்த்தாள். "கடன் மூவாயிரத்து இருநூற்று நாப்பது. நீங்கள் அதிலும் கூடத் தாறன் எண்டுறியள்."

"ஓம், கூடத்தான். சந்தோசமாய் வாங்கும்."

"கூடத் தந்தாலும் தருவியள், கடன் எண்டு தர மாட்டியள்."

கஸ்பர் சிரித்தார். "பேர் என்னவாய் இருந்தால் என்ன தங்கச்சி, காசு காசுதானே?"

அவளுக்கு லோண்டரி நினைவு வந்தது. முன்பு வேலை செய்த ஒரு லோண்டரியில், நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் மூன்று கிழமை மேலதிக நேரம் நின்றார்கள். அந்தக் கூலியை முதலாளி கூலி என்று கொடுக்கவில்லை, 'அன்பளிப்பு' என்று கவரில் வைத்துக் கொடுத்தான். கூடவே ஒரு சொக்கலேற் பெட்டி. எல்லாரும் நன்றி சொல்லி வாங்கினார்கள். அடுத்த வருடம் கவரும் இல்லை, சொக்கலேற்றும் இல்லை. கேட்டால், அன்பளிப்பை உரிமை என்று யாராவது கேட்பார்களா என்றான். சிவமலர் அன்றைக்கு நன்றி சொன்ன வாய் இன்னும் கசந்தது.

"மற்ற மூண்டு பள்ளிக்கூடத்துக்கும் என்ன மாதிரி அண்ணை?" என்று கேட்டாள்.

"அவையளைப் பற்றி நீர் ஏன் யோசிக்கிறீர்? வித்தியாசாகராவிலை அவையளின்ரை ஆட்டக்காரன் ஒருத்தனும் இல்லை."

"அதுதான். அவையளிட்டை விக்க ஒண்டுமில்லை. உந்தத் தாளிலை நான் கையெழுத்து வைச்சால் அவையளின்ரை பங்கும் சேர்ந்து போயிடும்."

"தங்கச்சி, நாலு பேருக்கும் எண்டால் பன்னீராயிரத்துக்கு மேலை போகுது!"

"உங்கடை பொக்கற்றிலை இருந்தே அண்ணை? பாங்கிலை கிடக்கிற எங்கடை காசுதானே. இந்த வருசம் நீங்கள் எப்பிடியும் பங்கு பிரியுங்கோ, பெரியாக்களுக்குப் பெரிசு, சின்னாக்களுக்குச் சின்னன். நான் கேக்க வர மாட்டன். போன வருசம் பேசினது எட்டிலை ஒண்டு. அதைத் தாங்கோ, நாலு பேருக்கும். ஏழு கடிதமும் சும்மா தாறன். பெடியளுக்கு விலை இல்லை."

கஸ்பர் சிவானந்தனைப் பார்த்தார். சிவானந்தன் மாம்பழப் பெட்டியைப் பார்த்தான்.

"நல்லாய்த்தான் வளத்து வைச்சிருக்கிறீர்" என்று அவனிடம் சொல்லிவிட்டுக் கஸ்பர் எழும்பினார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் சிவமலருக்கு லேசாக இருக்கவில்லை. வாசுதேவன் போனில் பொரிந்து தள்ளினான். "கைக்கு வந்ததைத் தட்டி விட்டிட்டியளே அக்கா! மற்றப் பள்ளிக்கூடக்காரர் உங்களுக்கு மாலை போடப் போகினமோ?" சிவானந்தன் கோபிக்கவில்லை, ஆனால் கதையைக் குறைத்துக்கொண்டான். ஊரில் மேசன் தவராசா, தன்னை வேறு வேலைக்குக் கேட்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார். ஒருநாள் அதிபர் ஒரு படம் அனுப்பினார். கம்பிச் சதுரங்களுக்குள்ளே புல் முளைத்திருந்தது. வேலிக்கு வெளியே தார் றோட்டில் பிள்ளைகள் பந்து எறிந்து பழகிக்கொண்டிருந்தார்கள். சிவமலர் விரிப்பு மடித்துக்கொண்டே, நான் பிழை விட்டுவிட்டேனோ என்று எத்தனையோ தரம் யோசித்தாள். மூவாயிரத்து ஐந்நூறை வாங்கியிருந்தால் இந்நேரம் தரை காய்ந்திருக்கும். யார் கேட்கப் போகிறார்கள்?

விடுமுறைத் திங்களுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜெரோசன் வந்தான்.

"அக்கா, கடிதத்தைத் தாங்கோ. வீட்டை எல்லாரும் சனலிலை பாக்கிறதுக்குக் காத்துக்கொண்டிருக்கினம். என்ரை கலியாணக் கார்ட்டிலையே வித்தியாசாகரா பழைய மாணவன் எண்டு போட்டனான், உங்களுக்குத் தெரியுந்தானே?"

"தெரியும். ஆலடித்துறையைப் போடேல்லை எண்டும் தெரியும்."

அவன் தலையைச் சொறிந்தான். "கார்ட்டிலை இடம் இல்லை அக்கா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அலமாரியைத் திறந்து காட்டினாள். ஏழு கடிதமும் எழுதி, பெயர் போட்டு, கையெழுத்து மட்டும் வைக்காமல் இருந்தன. "உனக்கு நான் மறிக்கேல்லையடா. இதுக்கு ஒரு பென்ஸும் வேண்டாம்." பிறகு அவனை இருத்தி, பங்குக் கதை முழுவதையும் சொன்னாள். பெண்பிள்ளைகள் றோட்டில் பழகுகிற படத்தையும் காட்டினாள். ஜெரோசனுக்கு இது ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஆலடித்துறை காசு கேட்டு மிரட்டுகிறது என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அவன் போய் மற்ற ஆறு பேரோடும் கதைத்தான். மறுநாள் மகா லீக்கின் வாட்ஸப் குழுவில், நாலு கல்லூரிக்காரரும் பார்க்க, அந்தப் படத்தைப் போட்டு ஒரு வரி எழுதினான்: 'நாங்கள் ஏழு பேரும் ஓடி விளையாடின இடம் இது. ஊர்ப் பள்ளிக்கூடங்களின் போன வருசப் பங்கு கொடுபடும் மட்டும் கடிதம் கிடைத்தாலும் நாங்கள் இறங்க மாட்டோம்.'

குழுவில் வேறு கல்லூரிக்காரன் ஒருவன், நானும் ஊர்ப் பள்ளிக்கூடம்தான், எங்கள் பங்கும் அதற்குள்ளே கிடக்கிறது என்று எழுதினான். பிறகு இன்னொருவன். ஒரு லூக்காக்காரனே எழுதினான், எங்கள் தலைவர் கஸ்பர் அண்ணை அரிவரி படித்தது மன்னாரில் ஒரு மிசன் பள்ளிக்கூடத்தில், அப்படியென்றால் விதிப்படி அவர் எங்கள் தலைவரும் இல்லை என்று. அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகளாக வந்து விழுந்தன.

வியாழக்கிழமை பின்னேரம், சிவமலர் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருக்க, சிவானந்தனின் போன் அடித்தது. அவன் ஸ்பீக்கரைத் திறந்து மேசையில் வைத்தான்.

"சிவானந்தன், பாங்க் ஆப்பைத் திறவும். நீர் போடும், நான் இஞ்சை சம்மதம் குடுக்கிறன்." கஸ்பரின் குரலில் பெரிய சிரிப்பு இல்லை, ஆனால் கடுப்பும் இல்லை. "நாலு பள்ளிக்கூடத்துக்கும். உம்மடை மனிசி பக்கத்திலை நிக்கிறாவோ?"

"கத்தரிக்காய் வெட்டுறா அண்ணை."

"கத்தியோடை நிக்கிறா எண்டு சொல்லும்."

சிவமலர் சிரித்துவிட்டு வந்து மேசையருகே நின்றாள். சிவானந்தன் தொகையை அடித்தான். விரல் ஓரிடத்தில் நின்றது. "என்னத்துக்கு அனுப்புறது எண்டு ஒரு பெட்டியிலை கேக்குது. என்ன போட?"

"நன்கொடை எண்டு போடும்" என்றார் கஸ்பர்.

"நன்கொடை இல்லை அண்ணை" என்றாள் சிவமலர். "போன வருசப் பங்கு எண்டு போடுங்கோ."

சிவானந்தன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். இந்தத் தரம் அவன் கஸ்பரின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. 'போன வருசப் பங்கு' என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்து, அனுப்புகிற இடத்தில் அழுத்தினான்.

"சரி, சரி. குடுத்திட்டன்" என்றார் கஸ்பர். "கடிதத்தைத் திங்கள் காலமை கொண்டுவாரும் தங்கச்சி. மறந்திடாதையும்."

முதலில் மற்ற மூன்று பள்ளிக்கூடத்துக்கும் போயின, ஒவ்வொன்றும் அதே பெயரில். நாலாவதாக ஆலடித்துறைக்கு. சிவமலரின் போனில் சங்கத்துக் கணக்கு எழும்பிக் காட்டியது: மூவாயிரத்து இருநூற்று நாற்பது, ஒரு பென்ஸும் கூடவில்லை, குறையவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். அங்கே இரவு ஒன்பது மணி தாண்டியிருக்கும், தவராசா படுத்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டு, மேசனின் நம்பரை அமத்தினாள்.